பட்டவர் எழுதிய பக்கங்கள்: வாசகர் கேள்வி பதில்

உண்மை வாழ்க்கையைச் சொல்லும் நூல்களைப் பற்றிச் சென்ற இதழில் நான் எழுதிய சிறு குறிப்பைப் படித்துவிட்டுக் காரைக்குடி வட்டாரத்திலிருந்து பலர் எழுதியிருந்தார்கள். அக்கடிதங்களுள் ஏழுக்கு இங்கே விடை எழுதுகிறேன். பெயரை வெளியிட வேண்டாம் என்று சிலர் கேட்டுக்கொண்டதால் எல்லோருக்கும் ஊரை மட்டும் குறித்திருக்கிறேன். என் தகப்பனார் ஒரு நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீட்டில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். புத்தகத்தைப் பற்றித் தொடங்கும் என் பேச்சு அடிக்கடி கணக்குக்குப் போய்விடுவதற்கு அதுவே காரணம். வாசகர்கள் பொறுத்தருள வேண்டும்.

கேள்வி: என் மகன் எட்டாம் வகுப்புப் படிக்கிறான். எது கொடுத்தாலும் குறை சொல்கிறான். பிறர் பட்ட துன்பத்தைப் படித்தால் தன் வசதியின் அருமை தெரியும் என்று ஆன் ஃபிராங்கின் நாட்குறிப்பை வாங்கி வைத்திருக்கிறேன். இந்த வயதில் கொடுக்கலாமா அம்மா?
(ஒரு தாய், பள்ளத்தூர்)

பதில்: கொடுக்கலாம். ஆனால் நீங்கள் சொல்லும் காரணத்துக்காகக் கொடுக்காதீர்கள். "பார், அந்தப் பிள்ளை எத்தனை கஷ்டத்தில் எழுதியிருக்கிறது, உனக்கு என்ன குறை?" என்று சொல்லி நீட்டப்படும் புத்தகத்தைப் பதின்மூன்று வயதுப் பையன் எவனும் திறக்க மாட்டான், திறந்தாலும் தன்னை அடிக்க எடுத்த பிரம்பாகவே அதைப் பார்ப்பான்.

அந்த நாட்குறிப்பு ஆனுக்கு 1942 ஜூன் 12 அன்று, பதின்மூன்றாம் பிறந்தநாள் பரிசாகக் கிடைத்தது. நான்கு வாரம் முடிவதற்குள் குடும்பம் ஆம்ஸ்டர்டாமில் தந்தையின் அலுவலகக் கட்டடத்தின் பின்கட்டில் ஒளிந்துகொள்ள நேர்ந்தது. எட்டுப் பேர் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அங்கே அடைந்து கிடந்தார்கள். 1944 ஆகஸ்ட் 4 அன்று பிடிபட்டார்கள். 1945 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பெர்கன்-பெல்சன் முகாமில் ஆன் இறந்தாள். இவ்வளவும் முன்னுரையிலேயே இருக்கும். உள்ளே இருப்பது வேறு. உருளைக்கிழங்கு உரிப்பதில் சண்டை, கழிப்பறைக்கு முறை வைப்பதில் சண்டை, எழுதும் மேசையை யார் எந்த நேரத்தில் பயன்படுத்துவது என்பதில் சண்டை. எல்லாவற்றுக்கும் மேலாக, அம்மா மீது கோபம். நீங்கள் முதலில் படித்துவிடுங்கள் என்று நான் சொல்வது அதனால்தான். உங்கள் மகன் அந்தப் பக்கங்களில் முதலில் அடையாளம் கண்டுகொள்ளப் போவது ஹிட்லரை அன்று, உங்களைத்தான். குறை சொல்லும் பிள்ளை அவன் என்கிறீர்களே, ஆனும் அப்படிப்பட்டவள்தான். அதனாலேயே அவனுக்கு அவளைப் பிடிக்கக்கூடும்.

இன்னொன்றையும் அவனிடம் சொல்லுங்கள். 1944 மார்ச்சில் லண்டனிலிருந்து வந்த வானொலி உரையில், போர்க்காலத்தில் மக்கள் எழுதும் நாட்குறிப்புகளும் கடிதங்களும் பின்னால் திரட்டப்பட வேண்டும் என்று நெதர்லாந்து அமைச்சர் ஒருவர் பேசினார். அதைக் கேட்ட ஆன், அதுவரை எழுதியதைத் தானே திருத்தி, வெட்டி, புதிதாக எழுதத் தொடங்கினாள். கையில் அகப்பட்டதை அழுதுகொண்டே கொட்டிய எழுத்தன்று அது. எழுத்தாளராக வேண்டும் என்று உறுதி கொண்ட ஒரு சிறுமி இரண்டாம் முறை உட்கார்ந்து செய்த வேலை. தனியே உயிர் தப்பிய தந்தை 1947 இல் அதை வெளியிட்டபோது தாயைப் பற்றிய கடுமையான சில பகுதிகளை விட்டுவிட்டார். அவற்றுள் பல பின்வந்த பதிப்புகளில் சேர்ந்தன. படித்து முடித்தபின், "என்ன கற்றுக்கொண்டாய்?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

கேள்வி: சுயமுன்னேற்ற நூல்களும் வாழ்க்கை அனுபவத்தைச் சொல்பவைதாமே? அவற்றை ஏன் ஒதுக்குகிறீர்கள்?
(ஒரு கல்லூரி மாணவர், அமராவதிபுதூர்)

பதில்: ஒதுக்குவதற்கு ஒரே காரணம் போதும். அந்நூல்களில் பெரும்பாலானவை விக்டர் ஃபிராங்கலை மேற்கோள் காட்டும்; வியன்னாவைச் சேர்ந்த அந்த மனநல மருத்துவர் நாஜி முகாம்களிலிருந்து மீண்டு வந்து, 1945 இல் ஒன்பது நாட்களில் தம் முகாம் அனுபவத்தைப் பற்றிய ஒரு சிறுநூலைச் சொல்லி எழுதுவித்தார். தம் பெயர் போடாமல் கைதி எண்ணோடு மட்டும் வெளியிட வேண்டும் என்றே முதலில் எண்ணியிருந்தார். வாழ்வுக்குப் பொருள் தேடுவதைப் பற்றி அவர் சொன்னவை சுவரொட்டிகளில்கூட வந்துவிட்டன. ஆனால், முகாமிலிருந்து திரும்பியவர்கள் தம்முள் சிறந்தவர்கள் அல்லர், சிறந்தவர்கள் திரும்பவில்லை என்ற பொருளில் அதே நூலின் தொடக்கத்தில் அவர் எழுதியிருக்கும் வாக்கியத்தைச் சுயமுன்னேற்றக்காரர்கள் எடுத்தாண்டு நான் பார்த்ததில்லை. முயன்றவன் பிழைப்பான் என்று விற்பவர்களுக்கு அந்த வாக்கியம் உதவாது.

கேள்வி: துன்பத்தை அனுபவித்ததாக எழுதுபவர் உண்மைதான் சொல்கிறார் என்று வாசகன் எப்படித் தெரிந்துகொள்வது?
(ஒரு வாசகர், கானாடுகாத்தான்)

பதில்: முழுமையாகத் தெரிந்துகொள்ள முடியாது, ஆனால் முழுமையாக ஏமாறாமல் இருக்க முடியும். மிஷா டெஃபோன்சேகா என்பவர் 1997 இல் வெளியிட்ட நூலில், பெற்றோரைத் தேடி ஐரோப்பா முழுவதும் நடந்த யூதச் சிறுமி தாம் என்றும், வழியில் ஓநாய்கள் தம்மைக் காத்தன என்றும் எழுதினார். பல மொழிகளில் வந்தது, திரைப்படமும் ஆயிற்று. 2008 இல் அது கற்பனை என்றும் தாம் யூதர் அல்லர் என்றும் அவரே ஒப்புக்கொண்டார். அமெரிக்காவில் ஜேம்ஸ் ஃப்ரே போதையிலிருந்து மீண்ட கதையை 2003 இல் எழுதி, நீண்ட நாள் சிறையில் கிடந்ததாகச் சொன்னார். சிறையில் இருந்தது சில மணி நேரமே என்பது 2006 இல் வெளிப்பட்டது. இரண்டு நூல்களையும் வாசகர்கள் அழுதுகொண்டே படித்தார்கள். ஆகவே, அழுகை வந்தது என்பது உண்மைக்குச் சான்றாகாது.

என் தகப்பனார் காலத்துக் கணக்கில், அன்றாடம் நடந்தது சிட்டையில் விழும். சிட்டையிலிருந்து பேரேட்டுக்குப் போகும். பேரேட்டிலிருந்து ஐந்தொகை என்னும் இருப்புநிலைக் கணக்கு எடுப்பார்கள். சிட்டையில் விழாத ஒரு தொகை பேரேட்டில் முளைத்தால் மேலாள் கேள்வி கேட்பார். தன்வரலாற்றையும் நான் அப்படித்தான் படிக்கிறேன். உ.வே. சாமிநாதையர் தம் 'என் சரித்திரம்' நூலை ஆனந்த விகடனில் 1940 இல் எழுதத் தொடங்கியபோது அவருக்கு எண்பத்தைந்து வயது நெருங்கிக்கொண்டிருந்தது. அறுபது எழுபது ஆண்டுகளுக்கு முந்தியவற்றைச் சொல்கிறார்; என்றாலும் எந்த ஊர், யார் வீடு, எந்தப் பாடம், யார் எவ்வளவு கொடுத்தார் என்று சில்லறைச் செய்திகள் வரிக்கு வரி வருகின்றன. பெரிய வார்த்தைகள் குறைவு. பொய்யான அனுபவ நூலில் நேர்மாறாக இருக்கும்: உணர்ச்சி கட்டுக்கட்டாக வரும், ஊரும் தேதியும் சில்லறையும் வரா. இது தவறாத சோதனை என்று நான் சொல்லவில்லை. சில்லறையையும் புனைந்து எழுதும் கைகாரர்கள் உண்டு. ஆனால் இன்னொரு குறியும் இருக்கிறது. உண்மையாகப் பட்டவர் தமக்கு இழுக்கான ஒன்றையாவது சொல்லிவிடுவார். எல்லாப் பக்கத்திலும் தாமே நல்லவராக இருக்கும் நூலைக் கண்டால் கொஞ்சம் தள்ளி வைத்துப் படியுங்கள்.

கேள்வி: இருபது ஆண்டுகளாக நடுநிலைப்பள்ளியில் பணியாற்றுகிறேன். கல்வியைப் பற்றிய நூல்கள் எல்லாம் பயிற்சி வகுப்புக் கையேடு போலவே இருக்கின்றன. தூங்கவிடாமல் செய்யும் ஒரு நூலைச் சொல்லுங்கள்.
(ஓர் ஆசிரியை, காரைக்குடி)

பதில்: உங்கள் சொல்லையே எடுத்துக்கொள்கிறேன், தூங்கவிடாமல் செய்யும் நூல். இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகருக்கு வடக்கே மலைமேல் பார்பியானா என்றொரு குக்கிராமம். மேலிடத்தாருக்குப் பிடிக்காத கருத்துகளைச் சொன்ன லொரென்சோ மிலானி என்ற பாதிரியார் 1954 இல் அங்கே மாற்றப்பட்டார். ஒதுக்கி வைப்பதற்காகவே மாற்றினார்கள் என்று சொல்லலாம். அரசுப் பள்ளியில் தேறாமல் நின்றுவிட்ட உழவர் வீட்டுப் பையன்களைச் சேர்த்து அவர் ஒரு பள்ளி நடத்தினார். விடுமுறை கிடையாது. தெரிந்தவன் தெரியாதவனுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அப்பையன்களுள் எட்டுப் பேர் சேர்ந்து, தங்களைத் தேர்வில் தோற்கடித்த ஆசிரியை ஒருவருக்கு எழுதிய நீண்ட கடிதம் 1967 இல் 'ஓர் ஆசிரியைக்குக் கடிதம்' என்ற பொருள்படும் தலைப்பில் நூலாக வந்தது. அதே ஆண்டு ஜூனில் மிலானி இறந்துபோனார். தமிழிலும் அந்நூல் கிடைக்கிறது.

என் பெயர்கூட உங்களுக்கு நினைவிருக்காது, அத்தனை பேரைத் தோற்கடித்திருக்கிறீர்கள் என்ற பொருளில் கடிதம் தொடங்குகிறது. பிறகு அவர்கள் செய்வது அழுகையன்று, கணக்கு. எத்தனை பிள்ளைகள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தார்கள், எந்த வகுப்பில் எத்தனை பேர் உதிர்ந்தார்கள், உதிர்ந்தவர்களின் தந்தையர் என்ன தொழில் செய்தார்கள் என்று புள்ளிவிவரங்களைத் தேடி எடுத்து வைக்கிறார்கள். ஒரு பையன் தேறவில்லை என்றால் அவன் மந்தம் என்று சொல்லிவிடலாம். உதிர்ந்தவர்களில் பெரும்பாலோர் ஏழை உழவர் வீட்டுப் பிள்ளைகளாகவே இருந்தால் என்ன சொல்வது? நோயாளிகளை வெளியே தள்ளிவிட்டு நலமாக இருப்பவர்களுக்கு மருத்துவம் பார்க்கும் மருத்துவமனையோடு அவர்கள் பள்ளியை ஒப்பிடும் இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு முற்றத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். நானும் பலரைத் தோற்கடித்தவள்.

எட்டாம் வகுப்புவரை நம் மாநிலத்தில் யாரையும் நிறுத்தி வைப்பதில்லையே, இது நமக்குப் பொருந்துமா என்று கேட்பீர்கள். நிறுத்தி வைப்பது ஒன்றே தோற்கடிப்பது அன்று என்பது உங்களுக்குத் தெரியும். கடைசி வரிசைப் பிள்ளையை ஓராண்டு முழுவதும் ஒரு கேள்வியும் கேட்காமல் மேல்வகுப்புக்கு அனுப்பிவிடுவதும் அதே வேலைதான். சிட்டையில் விழுவதில்லை, அவ்வளவே. பையன்களின் கடிதத்திலும் குறை உண்டு. எழுத்தில் கோபம் மிகுதி. தங்கள் பள்ளியின் கடுமையை அவர்கள் கேள்வி கேட்பதே இல்லை. ஆண்டு முழுவதும் விடுமுறையில்லாத பள்ளியை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

அதற்கு மாற்றாக ஜப்பானின் டோட்டோ-சானை வைத்துக்கொள்ளலாம். தெத்சுகோ குரோயநாகி தாம் படித்த தொமோயே பள்ளியையும், பழைய ரயில் பெட்டிகளை வகுப்பறையாக்கிய தலைமையாசிரியர் கோபயாஷியையும் பற்றி எழுதி 1981 இல் வெளிவந்த நூல் அது. பள்ளி 1945 இல் குண்டுவீச்சில் எரிந்துபோயிற்று. கிஜுபாய் பதேகாவின் 'பகல் கனவு' நூலும் தமிழில் உண்டு; ஆனால் அது நடந்ததை நடந்தபடி சொல்வதன்று, அனுபவத்திலிருந்து புனைந்தது என்பதை அதன் தலைப்பே ஒப்புக்கொள்கிறது. முதல் நாள் அதில் வரும் ஆசிரியர் நடத்திய அமைதி விளையாட்டு படுதோல்வி அடைந்து பிள்ளைகள் கூச்சலிடும் பக்கத்தைப் படிக்கும்போது உங்களுக்குச் சிரிப்பு வரும், ஆறுதலும் வரும்.

கேள்வி: குழந்தை வளர்ப்புக்கு ஒரே ஒரு புத்தகம் என்றால் எதைச் சொல்வீர்கள்?
(ஓர் இளம் தந்தை, கோட்டையூர்)

பதில்: ஒன்று என்று கேட்டால் விதிமுறைகளைப் பட்டியலிடும் நூல் எதையும் சொல்ல மாட்டேன். ஒரு குழந்தையோடு மல்லுக்கு நின்றவர் அந்த வாரமே எழுதி வைத்ததைப் படியுங்கள் என்பேன். ஹெலன் கெல்லர் 1903 இல் வெளியிட்ட தன்வரலாற்றோடு அவருடைய ஆசிரியை ஆன் சல்லிவன் எழுதிய கடிதங்களும் அச்சாகியிருந்தன. சில பதிப்புகளில் அவற்றை நீக்கிவிடுகிறார்கள். கடிதங்கள் உள்ள பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள்.

பார்வையும் செவிப்புலனும் இழந்த ஆறு வயதுக் குழந்தையிடம் 1887 மார்ச்சில் வந்து சேர்ந்தபோது சல்லிவனுக்கு வயது இருபது. சாப்பாட்டு நேரத்தில் குழந்தை எல்லோர் தட்டிலும் கைவிட்டு வேண்டியதை எடுத்துத் தின்னும். ஐயோ பாவம் என்று வீட்டார் விட்டுவிட்டார்கள். சல்லிவன் விடவில்லை. எல்லோரையும் வெளியே அனுப்பிக் கதவைப் பூட்டி, கரண்டியைப் பிடிக்கவைக்கவும் கைத்துணியை மடிக்கவைக்கவும் அவர் பட்ட பாடு ஒரு கடிதத்தில் இருக்கிறது. பெற்றோரின் இரக்கமே தடை என்று கண்டு, தோட்டத்துச் சிறுவீட்டுக்குக் குழந்தையை அழைத்துக்கொண்டு தனியே போனார். இவ்வளவு கண்டிப்பானவர், அடுத்த மாதமே மணிக்கணக்கு வைத்துப் பாடம் நடத்துவதைக் கைவிட்டார். கைக்குழந்தையின் காதில் தாய் பேசுவதுபோல இவள் கையில் நான் பேசிக்கொண்டே இருக்கப் போகிறேன் என்று முடிவு செய்தார். தம் மனம் மாறியதை மறைக்காமல் எழுதியிருப்பதால்தான் அக்கடிதங்களை நம்புகிறேன்.

வார்சாவில் அனாதை இல்லம் நடத்திய மருத்துவர் யானுஷ் கோர்ச்சாக்கைப் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். பிள்ளைகளே நீதிபதிகளாக இருக்கும் ஒரு மன்றத்தை அவர் இல்லத்தில் ஏற்படுத்தியிருந்தார். அதன் சட்டத் தொகுப்பில் பெரும்பகுதி மன்னிப்பைப் பற்றியது. அவர் மீதும் பிள்ளைகள் வழக்குத் தொடுத்தார்கள், அவரும் போய் நின்றார். 1942 ஆகஸ்டில் ஏறத்தாழ 200 பிள்ளைகளோடு அவரையும் திரெப்ளிங்கா கொலைமுகாமுக்குக் கொண்டுபோனார்கள். தப்பிக்கக் கிடைத்த வாய்ப்புகளை அவர் ஏற்கவில்லை. அந்த முடிவை மட்டும் எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அந்த நீதிமன்றம்தான் பெரிதாகப் படுகிறது. நம் வீடுகளில் தன் மீது பிள்ளை கொண்டுவரும் வழக்கை எந்த அப்பச்சி உட்கார்ந்து கேட்பார்?

கேள்வி: செட்டிநாட்டு வீடுகளைப் பற்றி எத்தனையோ படப் புத்தகங்கள் வருகின்றன. அவ்வீடுகளில் வாழ்ந்த பெண்களின் கஷ்டத்தைச் சொல்லும் உண்மை நூல் ஏன் வரவில்லை?
(ஓர் ஆச்சி, புதுவயல்)

பதில்: பர்மாத் தேக்குத் தூணும் ஆத்தங்குடிக் கல்லும் நன்றாகப் படம் பிடிக்க வருகின்றன, ஆச்சி. கணவர் மூன்று ஆண்டுக் கணக்குக்கு அக்கரை போய்விட, வளவில் மாமியாரோடும் ஓரகத்தியோடும் தனித்தனி உலையில் சமைத்துக்கொண்டு காலம் தள்ளியவரின் நாளைப் படம் பிடிக்க முடியாது. அவரே சொன்னால்தான் உண்டு. அவர் சொல்லவில்லை, அல்லது சொன்னதை யாரும் எழுதவில்லை. கேட்ட உங்களையே நான் திருப்பிக் கேட்கிறேன், நீங்கள் எழுதக் கூடாதா? நடை சரியாக வராது என்று தயங்க வேண்டாம். பாமா 1992 இல் 'கருக்கு' நூலை வெளியிட்டபோது, அது பேச்சுமொழியில் இருக்கிறது என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. அவருடைய ஊரிலேயே எதிர்ப்பும் இருந்தது. இன்று தமிழ்த் தன்வரலாறு என்று பேசினால் அந்த நூலை விட்டுவிட்டுப் பேச முடிவதில்லை. துறவற மடத்தை விட்டு வெளியேறி, வேலையும் இல்லாமல் நின்ற நேரத்தில் தம்மைத் தாமே தேற்றிக்கொள்ள எழுதிய எழுத்து அது.

எழுதும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். உங்கள் வீட்டு முற்றத்தைக் கூட்டியவரும் பாத்திரம் துலக்கியவரும் பின்கட்டு வழியாகவே வந்துபோயிருப்பார்கள். அவர்களுடைய பெயரும் உங்களுக்கு நினைவிருக்கும். அதையும் எழுதுங்கள்.

கேள்வி: எங்கள் ஐயா 1942 இல் பர்மாவிலிருந்து நடந்தே ஊர் வந்து சேர்ந்தவர். அதைப் பற்றி அவர் வாய் திறந்ததில்லை. கணக்கு ஏடுகள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன, அனுபவத்தைச் சொல்லும் ஒரு தாள்கூட இல்லை. அந்த நடையைப் பற்றிய நூல் ஏதும் உண்டா? நாங்கள் என்ன செய்யலாம்?
(வயது 74 ஆன வாசகர், தேவகோட்டை)

பதில்: உண்டு. ரங்கூனில் 'ஜோதி' இதழின் ஆசிரியராக இருந்த வெ. சாமிநாத சர்மா அந்த நடையைத் தாமே நடந்து, 'எனது பர்மா வழிநடைப் பயணம்' என்று எழுதியிருக்கிறார். பிளேட்டோவையும் ரூசோவையும் தமிழில் தந்தவர் காட்டுவழியில் மூட்டையோடு நடந்ததை எழுதும்போதும் நிதானம் தவறுவதில்லை. உங்கள் ஐயா சொல்லாமல் விட்டதில் ஒரு பங்கை அதில் படித்துக்கொள்ளலாம்.

1941 டிசம்பர் 23 அன்று ரங்கூன் மீது ஜப்பானிய விமானங்கள் முதன்முதலாகக் குண்டு வீசின. 1942 மார்ச் 8 அன்று நகரம் ஜப்பானியர் வசமாயிற்று. கப்பலில் இடம் கிடைத்தவர்கள் கொஞ்சம் பேர். மற்றவர்களுக்கு வழி மூன்று. அரக்கான் மலைத்தொடரைக் கடந்து கடற்கரை வழியாகச் சிட்டகாங் போவது ஒன்று. சிந்துவின் ஆற்றைத் தாண்டித் தமு வழியாக மணிப்பூர் சேர்வது இன்னொன்று. வடகோடியில் ஹூக்காங் பள்ளத்தாக்கு வழியாக அசாமின் லீடோவுக்குப் போவது மூன்றாவது. மழைக்காலத்தில் அந்தக் கடைசி வழி பிணக்காடாயிற்று. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் நிலவழியாக வந்தார்கள் என்பது கணிப்பு. வழியில் காலராவிலும் மலேரியாவிலும் பசியிலும் செத்தவர்களை யாரும் முறையாக எண்ணவில்லை. அந்தக் காட்டிலும் வெள்ளையருக்கு ஒரு பாதை, இந்தியருக்கு ஒரு பாதை என்று பாகுபாடு காட்டப்பட்டதாக அப்போதே புகார் எழுந்தது. உங்கள் ஐயா எந்த வழியாக வந்தார் என்று தெரிந்தாலே பாதிக் கதை தெரிந்த மாதிரி. சிட்டகாங் வந்தாரா, திமாப்பூர் வந்து ரயில் ஏறினாரா என்று வீட்டில் யாருக்காவது நினைவிருக்கிறதா என்று கேளுங்கள்.

இனி, கணக்கு ஏடுகள் மட்டும் இருக்கின்றன என்று வருத்தத்தோடு எழுதியிருக்கிறீர்கள். அவற்றை நான் சாதாரணமாக நினைக்கவில்லை. கொண்டுவிக்க, அதாவது வட்டித்தொழில் செய்யப் போன இடத்தில் யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தார்கள், எந்த ஊரில் எத்தனை ஏக்கர் கைக்கு வந்தது என்பதெல்லாம் அதில் இருக்கும். 1930 வாக்கில் நெல்விலை சரிந்தபோது கடனைத் திருப்ப முடியாத பர்மிய உழவர்களின் நிலம் வட்டிக்கடைகளுக்கு வந்து சேர்ந்தது. கீழ்ப்பர்மாவில் நெல் விளையும் முக்கியமான 13 மாவட்டங்களில் செட்டியார்கள் வசமிருந்த நிலம் 1930 இல் நூற்றுக்கு ஆறு பங்காக இருந்தது, 1938 இல் ஏறக்குறைய நூற்றுக்கு இருபத்தைந்து பங்காயிற்று. நிலத்தை விரும்பி வாங்கவில்லை, பணம் வராததால் வந்தது என்று நம்மவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. நிலத்தை இழந்தவர்களுக்கு அந்த வேறுபாடு பெரிதாகத் தெரிந்திருக்காது என்பதிலும் உண்மை இருக்கிறது. பற்று, வரவு என்று இரண்டு பத்தியும் இல்லாமல் உங்கள் ஐயா கணக்கு எழுதியிருக்க மாட்டார். அவருடைய நடையைப் பற்றி நீங்கள் எழுதும்போது முதல் பத்தியை மட்டும் எழுதிவிடாதீர்கள்.

என்ன செய்யலாம் என்று கேட்டீர்கள். அன்று பத்து வயதாக இருந்த குழந்தைக்கு இன்று தொண்ணூறு தாண்டியிருக்கும். அப்படி ஒருவர் உங்கள் உறவில் இருந்தால் இந்த வாரமே போய்ப் பாருங்கள். "அந்தக் கஷ்டத்தைச் சொல்லுங்கள்" என்று கேட்டால் அழுவார்கள் அல்லது பேச்சை மாற்றுவார்கள். காலில் என்ன போட்டிருந்தீர்கள், அரிசியை எதில் கட்டிக்கொண்டு வந்தீர்கள், தண்ணீர் எங்கே எடுத்தீர்கள், ஆத்தாவின் நகை எங்கே ஒளித்து வைத்திருந்தது என்று கேளுங்கள். பொருளைக் கேட்டால் கதை தானாக வரும். கைப்பேசியில் குரலைப் பதிவு செய்யுங்கள். இடையில் புகுந்து திருத்தாதீர்கள். நாளையும் இடத்தையும் முதலில் சொல்லிவிட்டுப் பதிவைத் தொடங்குங்கள்.

பெட்டியில் இருப்பதைப் பழைய தாள் என்று யாருக்கும் போட்டுவிட வேண்டாம். கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிக்கொண்டிருந்த ரோஜா முத்தையா, பிறர் எறிந்த நூலையும் துண்டறிக்கையையும் அழைப்பிதழையும் வீட்டில் சேர்த்து வைத்தார். அவர் இறந்தபின் அந்தச் சேகரம் சென்னைக்குப் போய், 1994 இல் அவர் பெயராலேயே ஆராய்ச்சி நூலகமாயிற்று. இன்று தமிழ்ப் பதிப்பு வரலாறு எழுதுபவர்கள் அங்கே போகாமல் எழுதுவதில்லை. உங்கள் ஏடுகளில் 1941, 1942 ஆம் ஆண்டுச் சிட்டை இருந்தால் அதை முதலில் எடுங்கள். கடைசியாக எந்தத் தேதி வரை எழுதியிருக்கிறது, எந்த ஊரில் நிற்கிறது என்று பார்த்து எனக்கு எழுதுங்கள். மூல ஏட்டைத் தபாலில் அனுப்ப வேண்டாம், ஒளிநகல் போதும். ஏட்டை விரித்து அழுத்தினால் கட்டு விட்டுப்போகும், ஆகவே கைப்பேசியில் பக்கம் பக்கமாகப் படம் எடுத்தாலும் சரி. பழைய எழுத்துக்குறிகளும் பின்னக் கணக்கும் புரியவில்லை என்றால் அதற்காகத் தயங்க வேண்டாம். என் தகப்பனார் அவற்றை எனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்.